முதல் வெடி

யோகம்மா வாயைத் திறந்தால் பின்கட்டில் இருக்கும் கேன்டீன் மட்டுமல்ல, ஏசி போட்ட வரவேற்பறையும் நிமிர்ந்து உட்காரும். ஆள் ஐந்தடிகூட இல்லை. நாற்பத்தாறு வயது. கிளிநொச்சிப் பக்கத்துப் பெண். துபாயில் லஹ்பாப் தாண்டி மணலுக்கு நடுவே இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் தேநீரும் சமோசாவும், பெரிய ஆட்கள் வந்தால் கஹ்வா என்கிற அரபுக் காப்பியும் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. காலையில் கராமாவில் மெட்ரோ ஏறி, ரஷீதியாவில் இறங்கி, கம்பனி பஸ்ஸைப் பிடித்து வருவாள். பஸ் ஓட்டும் பட்டாணியர் முதல் வாசலில் நிற்கும் நேபாளிக் காவலாளி வரை அவளிடம் ஏச்சு வாங்காத ஆளில்லை. வாங்கிவிட்டு அவளிடமே வந்து தேநீர் கேட்பார்கள். அவளும் இரண்டு ஏச்சோடு ஒரு கோப்பையை நீட்டுவாள்.

ஒன்பது வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். அரபி அங்கே கற்றதுதான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டுக் கிழவி திட்டத் திட்ட, பதிலுக்கு மனதுக்குள் திட்டுவதற்காகவே கற்றுக்கொண்டாள். பிறகு துபாய். கால் ஊன்றியதும் முதல் வேலையாகத் தன் ஒரே தம்பி மதுசூதனனுக்கு இதே கிளப்பில் வேலை பேசி அழைத்துக்கொண்டாள்.

அந்தத் தம்பிதான் அவளுக்கு எல்லாம். தாயும் தகப்பனும் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். சண்டைக் காலத்தில் இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்க வந்தவர்களிடமிருந்து அவனை மாதக்கணக்காகப் பங்கருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. மேலே பலகை, பலகைக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் அவள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டவர்களிடம் தம்பி செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தாள். அப்படி ஒரு துவக்கும் தொடாமல் காப்பாற்றிய பிள்ளை, இங்கே வந்து துவக்குத் துடைக்கும் வேலையில் நிற்கிறானே என்று அவளுக்கு முதலிலிருந்தே வயிற்றெரிச்சல்தான். ஆனால் இது விளையாட்டுக்குச் சுடும் இடம், எதிரே நிற்பது காகிதம், மனுசன் இல்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வவுனியாவில் அவன் மனைவி சுகந்தா கைக்குழந்தையோடு இருக்கிறாள். வேறென்ன செய்வது?

எல்லாம் அந்தப் பழைய துப்பாக்கிகள் வந்த பிறகுதான் கெட்டது.

போன வருஷம் கிளப் மேனேஜர் பாஸ்கருக்கு ஒரு யோசனை உதித்தது. பாஸ்கர் சேலத்துக்காரர். எஞ்சினியரிங் படித்தவர், மீசையை மட்டுமே கவனித்து வளர்ப்பவர். உலகப் போர்க் காலத்து ராணுவத் துப்பாக்கிகளை வாங்கிப் போட்டால் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றார். வாங்கினார்கள். மரக்கட்டை உடம்பு, பித்தளை அடித்தகடு, தூக்கினால் தோள் இறங்கும் கனம். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஆளாளுக்குச் சிப்பாய் ஆனார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டா இப்போது லேசில் அகப்படுவதில்லை. ஆகவே விற்றவன் குழலை மாற்றி, இன்றைய தோட்டா போகிற மாதிரி எங்கேயோ ஒரு பட்டறையில் திருத்தி அனுப்பியிருந்தான். உடம்பு தாத்தா காலத்து இரும்பு. உள்ளே போவது பேரன் காலத்துத் தோட்டா. அழுத்தம் பழையதைவிட எவ்வளவோ அதிகம்.

அப்போது கிளப்பில் துப்பாக்கி மெக்கானிக்காக ஒரு செர்பியாக்காரர் இருந்தார். சிவந்த முகம், சிரிக்கவே மாட்டார், யோகம்மாவின் தேநீரை மட்டும் மூன்று சர்க்கரையோடு குடிப்பார். அவர் ஒவ்வொரு துப்பாக்கியாகப் பிரித்து, அளவுகோல் விட்டுப் பார்த்து, பாஸ்கரிடம் நேரே சொன்னார். இந்த மாதிரித் துப்பாக்கிகளைச் சில அரசாங்கத் தொழிற்சாலைகள் புதுத் தோட்டாவுக்கென்றே கெட்டியான இரும்பில் செய்தன, அவை வேறு. இவை அப்படி இல்லை. இதில் சிலது சுவரில் மாட்டுவதற்குத்தான் லாயக்கு. மற்றதை வேகம் குறைந்த தோட்டா போட்டுச் சுடலாம், அதுவும் ஒவ்வொன்றுக்கும் உரிய போல்ட்டைப் போட்டால்தான். போல்ட் என்பது தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டுகிற உருளை. ஒவ்வொரு போல்ட்டிலும் அதனதன் துப்பாக்கியின் எண்ணை அடித்து, தனித்தனித் துணியில் சுற்றி வைத்தார்.

பாஸ்கர் கேட்டாரா? கடைத்தெருவில் கிடைக்கிற முழுவேகத் தோட்டாவையே பெட்டி பெட்டியாக இறக்கினார். செர்பியாக்காரர் சண்டை போட்டார். ஒப்பந்தம் முடிந்தது, டிக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை.

போன மனுசனோடு ஒழுங்கும் போயிற்று. மாலையில் கிளப்பை மூடும்போது போல்ட்டுகளைக் கழற்றித் தனி இரும்பலமாரியில் பூட்டுவது அங்கே வழக்கம். துப்பாக்கி களவு போனாலும் சுட முடியாது, அதற்காக. பாஸ்கர் அந்த வழக்கத்தை விடவில்லை, துணியை விட்டுவிட்டார். ஒரு பெரிய தொட்டியில் மண்ணெண்ணெய். எல்லாப் போல்ட்டும் அதற்குள். காலையில் அள்ளி, கைக்கு வந்ததை எதிரே இருக்கும் துப்பாக்கியில் செருகு. வேலை பார்க்கிற பையன்கள் எல்லாம் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருப்பவர்கள். அங்கே மெஸ்ஸில் அத்தனை பேர் தட்டும் ஒரே டிரம்மில்தான் கழுவப்படும். எடுத்தவனுக்கு எடுத்த தட்டு. போல்ட்டையும் அப்படியே எடுத்தார்கள், அதில் தப்பு இருப்பதாக ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மதுசூதனனுக்குத் தெரியும். செர்பியாக்காரரின் கையாளாக நின்றவன் அவன். ஒருநாள் கேன்டீனில் வந்து உட்கார்ந்து, சமோசாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, பிரஷர் குக்கருக்கு வேற குக்கரின்ர மூடியைப் போட்டா என்ன நடக்கும்?"

"பொருந்தாதடா. பொருந்தினாலும் அடுப்பில வைக்கேலாது. பறந்து மூஞ்சையில அடிக்கும். ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான்."

"என்னட்ட உந்தச் சும்மாவை விடாத. சொல்லு."

சொன்னான். போல்ட்டைச் சொன்னான், தொட்டியைச் சொன்னான், சுட்ட பிறகு கீழே விழுகிற வெற்றுக் கோதுகள் சிலது அடியில் வெடித்துக் கிடப்பதைச் சொன்னான். கடைசியாக முதல் வெடியைச் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் யோகம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

முதல் வெடி என்பது இது. விருந்தாளிகள் வருமுன் ஒவ்வொரு துப்பாக்கியிலும் யாராவது ஒரு தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும். செர்பியாக்காரர் பழைய துப்பாக்கியை மேசையில் இறுக்கிக் கட்டி, விசையில் நீளக் கயிறு மாட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இழுப்பார். கயிறு கட்டி அவிழ்க்க நேரம் போகிறது என்று பாஸ்கர் அதையும் நிறுத்திவிட்டார். "மது, நீயே தோள்ல வெச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு ரவுண்ட் போட்டுடுப்பா" என்றார். இவனும் தலையாட்டினான். தினமும் காலையில், எந்த மூடி எந்தக் குக்கருடையது என்று தெரியாத அத்தனை துப்பாக்கியையும் கன்னத்தில் அணைத்துக்கொண்டு சுடுகிறான்.

"உனக்கு விசரே? இது தெரிஞ்சுகொண்டும் சுடுறியோ?"

"கத்தாத அக்கா. இவ்வளவு நாள் ஒண்டும் நடக்கேல்லத்தானே?"

"நடந்தாப் பிறகு சொல்ல உனக்கு வாய் இருக்குமோடா?"

அன்றே பாஸ்கரிடம் போனாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, இது மிலிட்டரிக்குன்னு செஞ்ச துப்பாக்கி. ரெண்டு உலகப் போரைப் பாத்தது. அவ்ளோ சீக்கிரம் உடைஞ்சிடுமா?"

"ரெண்டு போரைப் பாத்ததுதான் பயம், தம்பி. நான் ஒரு போரைப் பாத்ததுக்கே என்ர இடுப்பு நிமிருதில்ல."

அவர் சிரித்தார். சிரித்து, சமோசா நன்றாக இருக்கிறது என்றார். கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். கோதாரி விழுவான், படிச்சவனெண்டு மரியாதையாக் கதைச்சனே என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் நடந்தது. காலை வேளை. அவள் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சுடும் சத்தம் அவளுக்கு இப்போது பழக்கம்; எண்ணாமலே காது எண்ணும். அன்றைக்கு ஒரு வெடி மட்டும் வேறு மாதிரிக் கேட்டது. சத்தத்தோடு ஒரு சீறல். பிறகு ஒரு வெடியும் இல்லை. அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினாள்.

மதுசூதனன் தரையில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி உடையவில்லை. தோட்டாக் கோது அடியில் பிளந்து, சூடான புகையும் பித்தளைத் தூளும் போல்ட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து அவன் முகத்தில் அடித்திருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலக்கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பொடிப்பொடியாகப் பித்தளை ஏறி இரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. கண்ணாடியின் வலப்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது, கண்மண் தெரியாத கோபம்.

பாஸ்கர் ஓடிவந்தார். முதலில் துப்பாக்கியைத்தான் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டிருந்தான்ல? கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? தோட்டா மோசம் அக்கா. அந்தப் பெட்டியையே தூக்கிடறேன்."

"தோட்டா மோசமில்ல. நீ மோசம்."

"அக்கா, வார்த்தைய அளந்து பேசுங்க."

"அளந்துதான் கதைக்கிறன். அளக்காட்டி வேற மாதிரி வரும்."

கிளினிக்கில் பித்தளைத் தூளை ஊசி முனையால் எடுத்தார்கள். எல்லாம் வரவில்லை. கன்னத்தில் நீலப் பொட்டுகளாகச் சிலது தங்கிவிட்டன. அந்த வாரம் முழுக்க யோகம்மா அவனோடு மல்லுக்கட்டினாள். முதல் வெடியை நிறுத்து, முடியாது என்று சொல், கயிறு கட்டித் தரச்சொல். அவன் ஒன்றுக்கும் மசியவில்லை.

"கதைச்சா விசாவைக் கான்சல் அடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் அக்கா."

"அனுப்பட்டும். ரெண்டு கண்ணோட போவாய்."

"சுகந்தாவுக்கு என்ன சொல்றது?"

"குருடனா வந்து நிண்டா என்ன சொல்லுவாய்? அதைச் சொல்லு முதல்ல!"

அவன் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாஸ்கர் மேல் வந்த கோபத்தைவிட, கூப்பிட்டவன் பின்னால் எல்லாம் போகிற இந்த ஊமைக் கோட்டான் மேல் வந்த கோபம் பெரிது. தெய்ராவில் இருந்த தலைமை அலுவலகத்துக்குத் தன் விடுமுறை நாளில் போய் நின்றாள். உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள் என்றார்கள். மேனேஜரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன் என்றாள். அவர் வழியாகச் சொல்லுங்கள் என்றார்கள். போலீசுக்குப் போகிறேன் என்று கிளம்பியபோது மதுசூதனன் கையைப் பிடித்துக் கெஞ்சினான். துவக்குச் சமாசாரம் அக்கா, முதலில் என்னைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றான். அதுவும் நடக்கக்கூடியதுதான் என்று அவளுக்குப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஒவ்வொரு காலையும் வெடிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். கடைசி வெடி கேட்கும் வரைக்கும் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அரபாப் வந்தார். கிளப்பின் முதலாளி. மாதத்தில் ஒருமுறை வருவார், எல்லாரிடமும் நலம் விசாரிப்பார், அரைமணியில் போய்விடுவார். அன்று கூடவே மகள் ஷம்மாவும் வந்திருந்தாள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பெண். நன்றாகச் சுடுவாள் என்று சொல்லிக்கொண்டார்கள். பாஸ்கர் மீசையை நீவிக்கொண்டு, புதிதாக வந்த செக் நாட்டுத் துப்பாக்கிகளை வெளியே சுடுமேசையில் வரிசையாக வைத்திருந்தார்.

யோகம்மா கஹ்வாத் தட்டோடு பின்னால் நின்றாள். ஷம்மா புதியவற்றை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேரே சுவரோரம் போய், மரக்கட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தூக்கினாள். அன்று காலையில் மதுசூதனன் தோளில் வைத்துச் சுட்ட துப்பாக்கிதான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோட்டாவுக்குக் கை நீட்டினாள்.

பாஸ்கர் பாய்ந்தார். ஆம், பாய்ந்தார், வேறு சொல் இல்லை. நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. "நோ மேடம், நாட் திஸ், ப்ளீஸ், நாட் திஸ் ஒன்!" என்று கத்திக்கொண்டே முதலாளி மகளின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

ஷம்மா திகைத்து நின்றாள். அரபாப் புருவத்தைச் சுருக்கி, "லேஷ்?" என்றார். ஏன் என்று கேட்டார்.

பாஸ்கர், குறி பார்க்கிற இடம் கொஞ்சம் சரியில்லை, சின்னப் பிரச்சினை, இன்னும் சரிபார்க்கவில்லை என்று இழுத்தார். அவ்வளவுதானே என்று அரபாப் சிரித்துவிட்டார். மதுசூதனன் பக்கம் கையைக் காட்டி, இவன் ஒன்று சுட்டுச் சரிபார்க்கட்டும், பிறகு மகள் சுடட்டும் என்றார்.

பாஸ்கர் ஒரு கணம்தான் நின்றார். பிறகு, பறித்த அதே துப்பாக்கியை அதே கையால் மதுசூதனனிடம் நீட்டினார். அந்த மடையனும் கை நீட்டி வாங்கினான்.

தட்டு கீழே விழுந்தது. கஹ்வா மணலில் ஓடியது. யோகம்மா எப்போது அங்கே போய் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. தம்பிக்கும் சுடுமேசைக்கும் நடுவில் நின்றாள்.

"அந்தப் பிள்ளையின்ர முகம் முகம், என்ர தம்பியின்ர முகம் என்ன சப்பாத்துத் தோலோ? உனக்குத் தெரியும்! இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டுதான் சுடவிட்டிருக்கிறாய்! அவளின்ர கையில இருந்து பறிச்சனியே, என்ர தம்பியின்ர கையில இருந்து ஒரு நாள் பறிச்சனியோ?"

"அக்கா, கெஸ்ட் முன்னாடி... அப்புறம் பேசிக்கலாம்..."

"அப்புறமில்ல, இப்ப. ஏன் பறிச்சனி எண்டு அரபாப்பிட்டச் சொல்லு. நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

பாஸ்கர் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தப் போனார். அவள் திரும்பினாள். குவைத்துக் கிழவியிடம் திட்டு வாங்கிக் கற்ற அரபியில், சமையலறை அரபியில், அரபாப்பின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பாபா, ஹாதி மூ ஸேன். முதீர் யத்ரி." இது நல்லதில்லை, மேனேஜருக்குத் தெரியும். பிறகு குக்கரைச் சொன்னாள், மூடியைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். வெடித்து முகத்தில் அடிப்பதைத் தன் கையாலேயே தன் முகத்தில் அடித்துக் காட்டினாள்.

அரபாப்பின் சிரிப்பு போய்விட்டது. மகளை ஒருமுறை பார்த்தார். மதுசூதனன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, பாஸ்கரிடம் நீட்டினார். நீ சுடு என்பது போலத் தலையை அசைத்தார்.

பாஸ்கர் துப்பாக்கியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை முன்னால் வரவே இல்லை.

"கலாஸ்" என்றார் அரபாப். முடிந்தது. பழையது எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டச்சொன்னார். மகளின் தோளில் கை வைத்து, நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். யோகம்மா கத்துவதற்கு வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உடைந்த ஹிந்தி. முதலில் யார் பேசுகிறார்கள் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

"சாப், ரோஜ் மே மார்தா" என்றான் மதுசூதனன். தினமும் நான் சுடுகிறேன். "சப் பந்தூக். பெஹ்லே மே." எல்லாத் துப்பாக்கியையும், முதலில் நான். கன்னத்தைத் தொட்டு, கண்ணுக்குக் கீழே நின்ற நீலப் பொட்டுகளைக் காட்டினான்.

அரபாப் கிட்ட வந்து அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார். மாதாமாதம் வந்து நலம் விசாரிக்கிற மனுசன், அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்த்தார்.

"யார் சுடச் சொன்னது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

மதுசூதனன் கையைத் தூக்கி பாஸ்கரைக் காட்டினான். தூக்கிய கை இறங்கவில்லை. இனிமேல் சுடமாட்டேன் என்றான். அதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "மாட்டன்" என்று தமிழிலேயே சொன்னான். இரண்டாம் முறையும் சொன்னான்.

யோகம்மா அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளோடா, மொக்கா! கண் போயிருந்தா ஆரிட்டடா கேட்டிருப்பன்?" என்று கத்தினாள். கத்தும்போதே கண்ணீர் கொட்டியது. இன்னோர் அடி போட்டாள். பிறகு அடித்த கையாலேயே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அரபாப்பின் வண்டி கிளம்பிப் போன பிறகும் அவள் அந்தப் பிடியை விடவில்லை.